மனதுக்குள் ஒரு கோயில் கட்டுவது எப்படி?

ராத்திரி இரண்டரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். நகைக்கடன் வட்டி, அம்மாவின் மாத்திரை, மகனின் பரீட்சை, முந்தாநாள் அலுவலகத்தில் ஒருவர் போகிற போக்கில் சொன்ன ஒரு சொல் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ‘எதையும் நினைக்காதே’ என்று மனதை அதட்டினால் அது இன்னும் நாலு விஷயத்தைக் கூட இழுத்துக்கொண்டு வரும். இப்படியே இரண்டு வருஷம் போனது. அந்த நாட்களில் என்னைத் தாங்கியது பூசலார் நாயனார் என்ற சிவனடியார் செய்த ஒரு காரியம்: மனதுக்குள்ளேயே ஒரு கோயில் கட்டுவது. அதை நான் எப்படிச் செய்கிறேன், எங்கே தடுக்கி விழுந்தேன், புதிதாகத் தொடங்குகிறவர் எங்கிருந்து தொடங்கலாம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் திருவள்ளூரிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவள். திருநின்றவூர் நிலையத்தைத் தினமும் இரண்டு தடவை கடக்கிறேன். பூசலார் ஊர் அதுதான் என்று தெரிந்திருந்தும் பல வருஷம் இறங்கிப் பார்த்ததில்லை.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் செய்முறை முழுவதும் அந்தக் கதைக்குள்ளேயே இருப்பதால் நிதானமாகச் சொல்கிறேன். நின்றவூரில் பூசலார் என்று ஓர் அந்தணர். சிவனுக்கு ஒரு கோயில் கட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கையில் காசில்லை. எங்கெங்கோ தேடி அலைந்தும் ஒன்றும் சேரவில்லை. என்ன செய்வேன் என்று நொந்துபோய், கடைசியில் மனதுக்குள்ளேயே கட்டுவது என்று முடிவெடுக்கிறார். அதற்கு அடுத்து பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வதைத்தான் கவனிக்க வேண்டும். கண்ணை மூடியதும் கோயில் வந்து நின்றுவிடவில்லை. பூசலார் முதலில் பணத்தைச் சேர்க்கிறார், அதையும் நினைவாலேயே, கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு சாமான்களையும் தச்சர்களையும் தேடுகிறார். நல்ல நாள் பார்த்துக் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், போடுகிறார். ராத்திரியிலும் கண் மூடாமல் வேலை நடக்கிறது. அடியிலிருந்து நிலை நிலையாக எழும்பி, விமானம் முடிந்து, உச்சியில் தூபி நட்டு, சுதை வேலை பார்த்து, கிணறு வெட்டி, சுற்றி மதில் எழுப்பி, குளமும் தோண்டி, இத்தனையும் ஆன பிறகுதான் சிவனைப் பிரதிஷ்டை செய்ய நாள் குறிக்கிறார்.

அதே சமயம் காஞ்சியில் பல்லவ அரசன் பெரிய கற்கோயில் ஒன்றைக் கட்டி முடித்து, அதே நாளில் குடமுழுக்கு வைத்திருக்கிறான். முதல் நாள் இரவு சிவன் அவன் கனவில் வந்து, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் ‘நினைந்து செய்த’ கோயிலுக்கு நாளை நான் போக வேண்டும், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார். அரசன் நின்றவூருக்கே வந்து அந்தக் கோயில் எங்கே என்று கேட்கிறான். அப்படி ஒரு கோயிலே இங்கே இல்லை என்கிறார்கள் ஊர்க்காரர்கள். சேக்கிழார் அவனைக் காடவர் கோமான் என்று மட்டும்தான் சொல்கிறார். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன்தான் அவன் என்று வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள். அந்தக் கோயில் கல்வெட்டிலேயே அவன் அசரீரி கேட்டவன் என்ற குறிப்பு இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

‘நினைந்து செய்த’ என்ற அந்த இரண்டு சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நினைத்ததோடு விடவில்லை, செய்தார். ஒரே நாளில் இல்லை, நெடுநாள் செய்தார். மனம் ஓய்வதற்கு இந்த வழி உதவுவதற்குக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். சும்மா இரு என்றால் கேட்காத மனசு, ஒரு வேலையைக் கொடுத்தால் கேட்கும், அதுவும் கைக்கு வேலை, கண்ணுக்கு வேலை, நாளைக்கும் பாக்கி இருக்கிற வேலை.

சரி, எப்படித் தொடங்குவது?

முதலில் யாருக்காகக் கட்டுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். கடற்கரையையோ மலையருவியையோ நினைத்துக்கொண்டு மூச்சை மெதுவாக விடச் சொல்லித் தருகிறார்கள் அல்லவா, அதை நானும் செய்து பார்த்திருக்கிறேன். செய்யும் வரைக்கும் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடற்கரையில் நான் மட்டும்தான் இருந்தேன், என் கவலையும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. கோயில் என்றால் ஒருவர் குடிவரப் போகிறார். அவருக்காக இடத்தைப் பெருக்குகிறோம், அவர் வருவார் என்று நம்பிக் கல்லை வைக்கிறோம். அந்த நம்பிக்கை இல்லாமல் இதைச் செய்தால் நல்ல பொழுதுபோக்காக இருக்கும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது சிவன் கோயில், அதனால் அதை வைத்தே சொல்கிறேன். உங்களுக்கு முருகன் என்றால் முருகன், அம்மன் என்றால் அம்மன். எந்தப் பெயரைச் சொல்லும்போது உங்களுக்குத் தொண்டை இளகுகிறதோ அவருக்குக் கட்டுங்கள்.

அடுத்தது இடம். நீங்கள் காலால் நடந்து பழகிய ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைலாயம், வெள்ளிமலை என்று போனால் இரண்டு நாளில் படம் கலைந்துவிடும். நான் எடுத்துக்கொண்டது என் ஆச்சி வீட்டுக்குப் பின்னால் இருந்த காலிமனை. ஒரு ஓரத்தில் கிணறு, கிணற்றடியில் துவைக்கிற கல், தென்மேற்கு மூலையில் ஒரு வேப்பமரம். அந்த மனையில் இப்போது யாரோ வீடு கட்டிவிட்டார்கள். என் மனதில் அது இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது, மழை பெய்தால் அங்கே எந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

கோயிலைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கருவறை, முன்னால் ஒரு சின்ன மண்டபம், நந்தி, கிணறு, ஒரு வில்வமரம், மதில். போதும். நான் எடுத்த எடுப்பில் ஏழுநிலை ராஜகோபுரத்தில் ஆரம்பித்து, நாலாம் நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். தெருக்கோடியில் இருக்கிற பழைய சின்னக் கோயிலுக்கு ஒரு நாள் சாவகாசமாகப் போய்ப் பாருங்கள். விமானத்தை ஆறு உறுப்பாகச் சொல்வார்கள்: அடியில் அதிட்டானம், அதன் மேல் சுவர், கூரைப் பகுதியான பிரஸ்தரம், கழுத்து மாதிரி கிரீவம், சிகரம், உச்சியில் தூபி. கருவறையின் வடக்குப் பக்கம் அபிஷேக நீர் வெளியே வருகிற கோமுகையையும், அதன் அருகில் சண்டிகேசுவரர் உட்கார்ந்திருப்பதையும் பார்த்து வையுங்கள். இதெல்லாம் தெரிந்தால்தான் மனதுக்குக் கட்ட ஏதாவது இருக்கும். பேர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பார்த்திருந்தால் போதும்.

நேரம் என்று பார்த்தால் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். விடியற்காலை நல்லது, முடியாவிட்டால் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் சரி. முதுகு நிமிர்ந்திருக்கட்டும். படுக்கையில் செய்தால் தூங்கிவிடுவீர்கள். தூக்கம் வருவதும் நல்லதுதான், ஆனால் அதையே உங்கள் கட்டுமான நேரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்ததும் திருநீறு இட்டுக்கொண்டு, ‘நமசிவாய’ என்ற ஐந்தெழுத்தைப் பத்துத் தடவை மெல்லச் சொல்லிவிட்டு, மனையின் வாசலில் செருப்பைக் கழற்றி வையுங்கள். கழற்றிய காலுக்கு மண் சுடுகிறதா, ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்துவிட்டால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முதல் வாரம் முழுக்கக் கடைக்கால் தோண்டுவதுதான் வேலை. கயிறு கட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டு, மண்வெட்டியை ஓங்குங்கள். மேல்மண் வறண்டு உதிரும். ஓரடி கீழே போனால் நிறம் மாறும், வேர் தட்டுப்படும், ஈரவாசனை வரும். வெட்டிய மண்ணைக் கூடையில் அள்ளி மனையின் ஓரத்தில் கொட்டிவிட்டு வரவேண்டும். இந்த இடத்தில்தான் கவலைகள் வரும். கட்டாயம் வரும். அப்போது நான் கண்டுபிடித்த ஒரு வழி இது. வட்டிக் கவலை வந்து நின்றால் அதை விரட்டுவதும் இல்லை, உட்காரவைத்துப் பேசுவதும் இல்லை. ‘வந்ததுக்கு ஒரு கூடை மண்ணைத் தூக்கு’ என்று கூடையை நீட்டிவிடுவேன். கவலையைச் சுமந்துகொண்டே நானும் ஒரு நடை நடப்பேன், கொட்டுவேன், திரும்பி வருவேன். அலுவலகத்தில் கேட்ட அந்தச் சொல் மட்டும் ஏறக்குறைய நாற்பது கூடை சுமந்திருக்கும். கடைசியில் அதுவே வருவதை நிறுத்திக்கொண்டது.

மனம் ஓடிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். விட்ட கல்லிலேயே கையை வையுங்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை ஓடினால் இருபது தடவையும் அதே கல். அன்றைக்கு ஒரு கல்தான் உட்கார்ந்தது என்றால் சரி, ஒரு கல். நேற்று எங்கே விட்டோம் என்பது மறந்துபோகிறவர்கள், என்னைப் போல, ஒரு சின்ன நோட்டில் ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ‘தெற்குச் சுவர், மூன்றாம் வரிசை’ என்ற மாதிரி.

சிலருக்கு மனதில் படமே வராது. கண்ணை மூடினால் வெறும் இருட்டுதான். அவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது என்று நினைக்க வேண்டாம். என் சித்திக்கு அப்படித்தான். அவர் கட்டுவது முழுக்கச் சத்தத்தாலும் தொடுகையாலும்தான். உளி கல்லில் படுகிற சத்தம், கல்லின் சொரசொரப்பு, தலையில் சும்மாட்டின் அழுத்தம். வாய் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டே போவார்: ‘இப்போ தூக்கறேன், இப்போ வைக்கறேன்.’ என் கோயிலைவிட அவர் கோயில் சீக்கிரம் முடிந்துவிட்டது.

சுவர் எழும்பியதும் சுதை வேலை வரும். அங்கே அவசரப்படாமல் நில்லுங்கள், எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. பழைய முறையில் சுண்ணாம்பையும் மணலையும் சேர்த்து அரைப்பார்கள், கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விடுவார்கள். கல்செக்கில் அது அரைபடும்போது முதலில் நறநறவென்று இருக்கும், போகப் போகச் சத்தம் அடங்கி, வெண்ணெய் மாதிரி கரண்டியில் வழுக்கும். அதை எடுத்துச் சுவரில் அப்பி, தேய்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். ஒரு முழ இடத்தை இப்படித் தேய்த்துக்கொண்டே நான் மூன்று வாரம் இருந்திருக்கிறேன். அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை, ராத்திரி இரண்டரை மணி விழிப்பு நின்றுபோயிருந்தது.

எல்லா நாளும் இப்படி இருக்காது. அம்மா ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். கோயிலே தெரியவில்லை. சுவர் இல்லை, விமானம் இல்லை. கிணறு மட்டும் தெரிந்தது. சரி என்று கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்தேன். குடத்தை இறக்குவது, அது சாய்ந்து நிறைகிற வரை காத்திருப்பது, இழுப்பது, கப்பி கிரீச்சிடுவதைக் கேட்பது, வில்வமரத்துக்கு ஊற்றுவது, திரும்ப இறக்குவது. விடியும் வரை அவ்வளவுதான் செய்தேன். கோயில் கட்டியதால் அம்மா பிழைத்தார் என்று சொல்ல நான் வரவில்லை, பிழைக்க வைத்தது மருத்துவம். ஆனால் விடிந்தபோது டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்கிற நிலையில் நான் இருந்தேன், கையெழுத்துப் போடும்போது கை நடுங்கவில்லை. அதனால் சொல்கிறேன், கிணற்றை முதலிலேயே வெட்டி வையுங்கள்.

ஒன்றுமே தோன்றாத வறண்ட நாட்களும் வரும். சாமியாவது கோயிலாவது என்று இருக்கும். அன்றைக்கும் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்டபத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பூசலாருக்கும் பணம் கிடைக்காமல் நொந்துபோன நாட்கள் இருந்தன, கோயிலே அந்த நோவிலிருந்துதான் தொடங்கியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். கோயில் எங்கேயும் போய்விடாது.

கட்டி முடித்ததும் குடமுழுக்குக்கு நிஜமான தேதி ஒன்றைக் குறியுங்கள். நாள்காட்டியில் வட்டம் போடுங்கள். ஐப்பசி அனுஷம் பூசலாரின் குருபூசை நாள், நான் அதைத்தான் எடுத்துக்கொண்டேன். அன்று வீட்டில் கோலம் போட்டு, ஒரு சர்க்கரைப் பொங்கல் வைத்து, அப்புறம் போய் உட்காருங்கள். லிங்கத்தைப் பீடத்தில் வைத்து, இரண்டையும் ஒட்டுகிற சாந்தான அஷ்டபந்தனம் சாத்தி, கலச நீரைத் தூபியில் ஊற்றுங்கள். பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். அத்தனை மாசம் கல்லும் மண்ணும் சுமந்த கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி சும்மா உட்காருங்கள். வந்துவிட்டாரா என்று சோதிக்க வேண்டாம், ஏதாவது ஒளி தெரிகிறதா என்று தேடவும் வேண்டாம். அவருக்கு இடம் தயார், அவ்வளவுதான் நம் பொறுப்பு.

அதற்குப் பிறகு தினசரிப் பூசை. இது நானாகச் சொல்வது இல்லை. சைவர்களின் சிவபூசை முறையிலேயே வெளிப்பூசைக்கு முன்னால் அகப்பூசை உண்டு, இதயத்தைப் பூசை செய்யும் இடமாகவும், கொப்பூழை ஓமம் செய்யும் இடமாகவும், புருவ நடுவைத் தியான இடமாகவும் பாவிப்பார்கள். மயிலாப்பூர் வாயிலார் நாயனாரும் மனக்கோயிலில்தான் பூசை செய்தார். மறவாமையால் கட்டிய கோயில் என்று அதைச் சேக்கிழார் சொல்வார். என் பூசை ரொம்ப எளிமை. கிணற்றில் ஒரு குடம் இறைத்து, ஈரக் கயிறு உள்ளங்கையில் அழுந்த, இடுப்பில் வைத்துக் கொண்டுபோய், மெதுவாக ஊற்றுவேன். தண்ணீர் லிங்கத்தின் உச்சியில் பட்டு நாலாபக்கமும் பிரிந்து, லிங்கத்தின் பீடமான ஆவுடையாரில் தேங்கி, கோமுகை வழியாக வெளியே போய்த் தொட்டியில் விழும். அந்த விழுகிற சத்தம் நிற்கும் வரை கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒரு வில்வம் சாத்துவேன், ஒரு விளக்கு ஏற்றுவேன். கேட்க ஏதாவது இருந்தால் அப்போது கேட்பேன். பாதி நாள் கேட்க வந்தது மறந்துபோகும்.

போன ஐப்பசியில் ஒரு நாள் திருநின்றவூரில் இறங்கினேன். இருதயாலீசுவரர் கோயில் சின்னதுதான். கருவறையிலேயே சிவனுக்குப் பக்கத்தில் பூசலார் இருக்கிறார். இருதய நோய் உள்ளவர்கள் வந்து வேண்டிக்கொள்கிற இடம் அது. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார், கூட வந்த மகள் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். தீபாராதனை முடிந்து அவர் திருநீறு வாங்கிக்கொண்டு நகர்ந்தார். நான் பூசலாரைப் பார்த்து, சுதைக்கு எவ்வளவு நாள் எடுத்தது ஐயா என்று கேட்டேன், நிஜமாகவே கேட்டேன்.

குடமுழுக்கு ஆகிவிட்டாலும் என் கோயிலில் மதில் வேலை மட்டும் இன்னும் பாக்கி. மேற்குப் பக்கம் ஆறேழு வரிசை ஏற வேண்டும். இன்றைக்கு 6.40 வண்டியில் இடம் கிடைத்தால் ஒரு வரிசையாவது வைத்துவிடுவேன்.